மூப்பர் யார்?

திருமணமாகி வாலிகண்டபுரத்தில் குடிவந்த முதல் மாதம் மாமியார் தொலைபேசியில் அழைத்தார். தண்ணீர் எப்படி, பேருந்து எப்படி என்றெல்லாம் கேட்பதற்கு முன்னால் ஒன்று கேட்டார். "மாப்ள, அங்க சபையில மூப்பர் யாரு?" ஆயரின் பெயரைச் சொன்னேன். "ஆயர் இன்னைக்கு இருப்பாரு, நாளைக்கு மாறுதலாகிப் போயிடுவாரு. மூப்பர் யாருன்னுதான் கேட்டேன்" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

என் வீட்டார் திருச்சிப் பக்கத்து எஸ்.பி.ஜி. மிஷன் வழி வந்த ஆங்கிலிக்கன் மரபினர். மனைவி வீட்டார் செங்கல்பட்டுப் பக்கம். "நாங்க ஸ்காட்ச் மிஷன்" என்று இன்றும் சொல்லிக்கொள்ளும் பிரெஸ்பிட்டேரியன் குடும்பம். 1947 முதல் இரு வீட்டாருமே தென்னிந்தியத் திருச்சபையை (சி.எஸ்.ஐ.) சேர்ந்தவர்கள்தாம். ஆகவே புதிதாகத் தேட எதுவும் இல்லை என்று நினைத்திருந்தேன். "நாம ரெண்டு பேரும் சி.எஸ்.ஐ. தானே?" என்றேன். "பேர் ஒண்ணுதாங்க. ஆனா இது உங்க வீட்டுச் சபை. எங்க வீட்டுச் சபை இங்க இருக்கான்னு கேக்குறேன்" என்றாள் மனைவி.

அந்தக் கேள்வியை ஒரு பெண்ணின் பிறந்தவீட்டு ஏக்கம் என்று ஒதுக்கிவிடலாம். அப்படி ஒதுக்குவது தவறு என்று இப்போது நினைக்கிறேன். ஒரு மரபு பிறந்த இடத்தைவிட்டு இன்னோர் இடத்துக்குப் போகும்போது அங்கே அதன் உண்மையான வாரிசு யார் என்பது ஆராய்ந்து தீர்ப்புச் சொல்ல வேண்டிய கேள்வி. பெயர்ப்பலகையை வைத்து அதைத் தீர்க்க முடியாது.

முதலில் இடம். வாலிகண்டபுரம் பெரம்பலூருக்கு வடக்கே, திருச்சி–சென்னை நெடுஞ்சாலையில் இருக்கிறது. சோழர் காலத்து வாலீசுவரர் கோயிலும் பள்ளிவாசலும் உள்ள பழைய ஊர். மிஷனரிகள் காலத்தில் தமிழ்நாட்டை அவர்கள் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டார்கள். ஒருவர் வேலை செய்யும் வட்டாரத்தில் இன்னொருவர் நுழைவதில்லை என்று உடன்பாடு. அந்தப் பங்கீட்டில் செங்கல்பட்டும் காஞ்சிபுரமும் ஸ்காட்லாந்தாருக்கு. வேலூர், ஆற்காடு வட்டாரம் ஸ்கடர் குடும்பத்தார் 1853-இல் தொடங்கிய ஆற்காடு மிஷனுக்கு. அது டச்சுச் சீர்திருத்த மரபு, ஆளுகையில் பிரெஸ்பிட்டேரியனே. திருச்சியும் தஞ்சையும் மிஷனரி சுவார்ட்ஸ் காலந்தொட்டு லுத்தரன், ஆங்கிலிக்கன் கைகளில் வளர்ந்தவை. பிறகு மெதடிஸ்டுகளும் வந்தார்கள். ஆக, பெரம்பலூர் மண்ணில் ஒரு பிரெஸ்பிட்டேரியன் சபையைத் தேடுவது, காவிரிப் பாசனக் கால்வாயில் பாலாற்றுத் தண்ணீரைத் தேடுவது போல. பெயரளவில் அது இங்கே கிடைக்காது. பொருளளவில் கிடைக்குமா என்பதே கேள்வி.

பொருள் என்ன என்பதை முதலில் வரையறுத்துக்கொள்ள வேண்டும். 'பிரெஸ்பிட்டர்' என்பதன் கிரேக்க மூலச் சொல்லுக்கு மூப்பர் என்று பொருள். அப்போஸ்தலர் நடபடிகள் 20-ஆம் அதிகாரத்தில் பவுல் எபேசு சபையின் மூப்பர்களை வரவழைக்கிறார். அதே பேச்சில் அவர்களைக் கண்காணிகள் என்றும் அழைக்கிறார். பிற்காலத்தில் பேராயர் என்று உயர்ந்த பதவிக்குரிய சொல் அது. மூப்பரும் கண்காணியும் ஒருவரே என்றால், மூப்பருக்கு மேலே தனியாக ஒரு பேராயர் எதற்கு? ஜெனீவாவில் கால்வின் 1541-இல் போதகரோடு மூப்பர்களையும் உட்காரவைத்து சபையை ஆளச் செய்தார். 1560-இல் ஜான் நாக்ஸும் அவர் தோழர்களும் ஸ்காட்லாந்தில் அதை நாட்டின் சபையாகவே ஆக்கினார்கள். சபைக்கு ஒரு மூப்பர் மன்றம், பல சபைகளுக்கு ஒரு வட்டார மன்றம், எல்லாவற்றுக்கும் மேலே பொதுப்பேரவை. மன்றத்துக்குப் போதகர் தலைமை தாங்குவார், எஜமானராக இருக்கமாட்டார். திருவிருந்துக்கு முன் மூப்பர் வீடு வீடாகப் போவார். சண்டை போட்டவர்களைச் சேர்த்துவைப்பார். பிள்ளைகளுக்கு வினாவிடை தெரியுமா என்று கேட்பார்.

இந்த மரபு தமிழ்நாட்டுக்கு இரு வழிகளில் வந்தது. ஒன்று, கம்பெனியின் ஸ்காட்லாந்துக்காரர்களுக்காக 1821-இல் எழும்பூரில் திறக்கப்பட்ட புனித அந்திரேயா ஆலயம், சென்னையில் 'கிர்க்' என்று அறியப்படுவது. அது வழிபாட்டின் வழி. மற்றொன்று, 1837-இல் சென்னைக்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கிய ஜான் ஆண்டர்சனின் வழி. அந்தப் பள்ளி வளர்ந்துதான் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஆனது. தொடங்கிய மறு ஆண்டே அதில் ஒரு சோதனை வந்தது. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த சில பையன்கள் சேர்ந்திருப்பது தெரிந்து, அவர்களை அனுப்பச் சொல்லி மற்ற சாதிப் பெற்றோர் நெருக்கினார்கள். மாணவர்கள் பலர் விலகினார்கள். ஆண்டர்சன் அந்தப் பையன்களை அனுப்பவில்லை. அரை நூற்றாண்டு கழித்து, அதே மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ செங்கல்பட்டில் சேரி மக்களுக்கு நிலம் கேட்டு அரசோடு போராடினார். அந்தக் காலத்தில்தான் ஆட்சியர் திரமென்ஹீர் அந்த மக்களின் நிலை பற்றித் தம் அறிக்கையை எழுதினார். 1892-இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் பஞ்சமி நில ஆணை பிறந்தது. மனைவி வீட்டார் "ஸ்காட்ச் மிஷன்" என்று சொல்லும்போது மனத்தில் வைத்திருப்பது இறையியல் நூல்களை அல்ல. ஒரு பள்ளிக்கூடமும் ஒரு துண்டு நிலமும் வீட்டுக்கு வந்த ஒரு மூப்பரும் அவர்கள் நினைவில் இருப்பவை.

ஆக, உரைகல் நான்கு. சபை மன்றமாக ஆளப்படுகிறதா? வேதம் கற்பிக்கப்படுகிறதா? ஞானஸ்நானமும் திருவிருந்தும் அந்த மரபு ஏற்கும் வகையில் இருக்கின்றனவா? ஊரின் கடைக்கோடியில் இருப்பவரோடு சபை நிற்கிறதா?

இந்த உரைகல்லில் ஒவ்வொன்றையும் உரசிப் பார்க்கலாம். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் வேர் ஆழமானது கத்தோலிக்கம். அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் வீரமாமுனிவர் வளர்த்த அடைக்கல மாதா ஆலயம் இருக்கிறது. தமிழுக்கு அந்த ஊர் தந்ததற்கு நாமெல்லோரும் கடன்பட்டவர்கள். ஆனால் அங்கே என் மனைவி நற்கருணை வாங்க முடியாது. விருந்தினராகப் போகலாம், வீட்டுப்பெண்ணாகப் போக முடியாது. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்குத் திருச்சியிலேயே தலைமையகம் இருக்கிறது. கற்பித்தலில் அது உறுதியானது. 1529-இல் மார்பர்க்கில் லூத்தரும் சுவிங்லியும் திருவிருந்தைப் பற்றி ஒத்துப்போகாமல் பிரிந்ததிலிருந்து இரு மரபுக்கும் நடுவே ஒரு கோடு உண்டு; அந்தக் கோடு இன்று மிகவும் மெலிந்துவிட்டது. இருந்தாலும் அந்தத் திருச்சபையின் ஆளுகையும் பேராயர் தலைமைதான். சி.எஸ்.ஐ.யை விட்டு அங்கே போவதற்கு அது ஒரு காரணம் ஆகாது.

நெடுஞ்சாலையோர ஊர்கள்தோறும் இருக்கும் பெந்தெகொஸ்தே சபைகளில் அன்பு உண்டு, ஜெபம் உண்டு, நோயாளியின் கட்டிலருகே இரவெல்லாம் உட்காரும் மனம் உண்டு. அதைக் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அவற்றில் மிகப் பல சபைகளில் பாஸ்டர் சொல்வதே முடிவு. குழந்தையில் பெற்ற ஞானஸ்நானமும் அங்கே கணக்கில் வராது; மறுபடி முழுக வேண்டும். தேவன் பிள்ளையின் பெயரைச் சொல்லி அழைத்த பிறகுதான் பிள்ளை பதில் சொல்லக் கற்றுக்கொள்கிறது என்பது பிரெஸ்பிட்டேரியன் நம்பிக்கையின் அடிவேர். அதை அறுத்துக்கொண்டு மரபைக் காப்பாற்ற முடியாது.

பெயரில் பிரெஸ்பிட்டேரியனாகவே இருக்கும் சபைகளின் நிலை என்ன? இந்தியாவில் அந்தப் பெயரை இன்றும் பெரிதாகத் தாங்கி நிற்பது வடகிழக்கு. 1841-இல் சிரபுஞ்சிக்கு வந்த வேல்ஸ் மிஷனரி தாமஸ் ஜோன்ஸின் வழி வளர்ந்து, ஷில்லாங்கைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியப் பிரெஸ்பிட்டேரியன் திருச்சபை அது. காசி, மிசோ மக்களின் வாழ்வோடு அது ஒன்றிவிட்டது. நமக்கு அது உறவுக்காரர், அடுத்த வீட்டுக்காரர் இல்லை. பெருநகரங்களில் புதிதாகத் தோன்றியிருக்கும் சீர்திருத்த சபைகளைப் போய்ச் சேர நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம். எழும்பூர் கிர்க்கும் இன்று ஒரு சி.எஸ்.ஐ. சபைதான். மேலும், மூப்பர் மரபின் முதல் விதியே அருகில் இருப்பது. மூப்பர் வீட்டுக்கு வந்துபோக முடியாத தூரத்தில் இருக்கும் சபை எவ்வளவு தூய்மையான பிரெஸ்பிட்டேரியனாக இருந்தாலும் இந்த வீட்டுக்குப் பிரெஸ்பிட்டேரியன் ஆகாது. கைப்பேசியில் பார்க்கும் எடின்பரோ ஆராதனைக்கும் இதே விதி பொருந்தும்.

மிஞ்சுவது சி.எஸ்.ஐ. பெரம்பலூர் வட்டாரம் அதன் திருச்சி–தஞ்சைத் திருமண்டலத்துக்குள் வருகிறது. ஆனால் "வேறு வழியில்லை" என்பது தீர்ப்பாகாது. அதையும் அதே உரைகல்லில்தான் உரசவேண்டும், இன்னும் அழுத்தமாக.

அதன் பக்கத்து வாதம் வலுவானது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்து மிஷன் சபைகளும் ஆற்காடு மிஷன் சபைகளும் ஒன்றாயின. 1908-இல் காங்கிரிகேஷனல் சபைகளும் சேர்ந்து தென்னிந்திய ஐக்கிய சபை உருவானது. 1919-இல் தரங்கம்பாடியில், பெரும்பாலும் இந்தியரான ஆயர்கள் கூடி, ஆங்கிலிக்கரோடும் ஒன்றாக வேண்டும் என்ற அறைகூவலை வெளியிட்டார்கள். 28 ஆண்டுப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் சி.எஸ்.ஐ. பிறந்தது. அதில் பிரெஸ்பிட்டேரியன் ஆயர்கள் மறு அபிஷேகம் பெறாமல் அப்படியே ஏற்கப்பட்டார்கள். இதைத்தான் இங்கிலாந்தின் உயர்சபை ஆங்கிலிக்கர் பொறுக்கவில்லை, கவிஞர் டி.எஸ். எலியட் 1943-இலேயே இந்த இணைப்புத் திட்டத்தை எதிர்த்துத் தனிப் பிரசுரம் எழுதினார். மூப்பர் மரபு தோற்றுச் சரணடைந்த இணைப்பாக அது இருந்திருந்தால், எதிர்த்தரப்பிலிருந்து இத்தனை கோபம் வந்திருக்காது.

இன்னும் ஒன்று. அன்று மதுரை–இராமநாதபுரத்தின் முதல் பேராயராக அபிஷேகம் பெற்ற லெஸ்லி நியூபிகின், எடின்பரோ பிரெஸ்பிட்டரியில் அபிஷேகம் பெற்று வந்து காஞ்சிபுரத்தில் உழைத்த ஸ்காட்லாந்து மிஷன் ஆயர். பேராயர் முறையை எதிர்த்த மரபின் மகன் ஒருவர் பேராயரானார். அவர் மரபைத் துறந்தாரா, நிறைவாக்கினாரா? புதிய திருச்சபையின் அமைப்புச் சட்டம் நிறைவாக்கியதாகவே பேசுகிறது. சபை மக்கள், மூப்பர் மன்றம், பேராயர் ஆகிய மூன்று கூறும் சபை வாழ்வுக்குத் தேவை என்றது அது. பேராயர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர், தேர்தல் வழியே வருபவர். ஆயருக்கு அந்தச் சட்டம் வைத்த ஆங்கிலப் பெயரே 'பிரெஸ்பிட்டர்'. சேகரக் குழு, திருமண்டலப் பேரவை, சினாட் என்று மன்றங்கள் படிப்படியாக மேலே போகின்றன. வடிவத்தைப் பார்த்தால் ஸ்காட்லாந்தின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது.

பெண்களின் இடத்தை வைத்துப் பார்த்தால் பெயர் தாங்கியவர்களைவிட இது முன்னே நிற்கிறது. 1976 முதல் சி.எஸ்.ஐ.யில் பெண்கள் ஆயர்களாக அபிஷேகம் பெறுகிறார்கள். 2013-இல் ஒரு பெண் பேராயரானார். மிசோரமின் பிரெஸ்பிட்டேரியன் சினாட் பெண்களுக்கு நெடுங்காலம் அந்தக் கதவைத் திறக்கவில்லை. எங்களுக்குப் பெண் குழந்தை இருப்பதால் இந்த வாதம் எனக்குக் கனமாகத் தெரிகிறது.

இப்போது எதிர்வாதம். அதை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, வழிபாட்டின் உடல்மொழி. எங்கள் வட்டாரத்தில் திருவிருந்து வாங்குவது பலிபீடக் கம்பியருகே முழங்காலிட்டு. அது என் ஆங்கிலிக்கன் மரபு. மனைவியின் பாட்டி காலத்தில் மக்கள் அமர்ந்திருப்பார்கள். அப்பத்தையும் ரசத்தையும் மூப்பர்கள் இருக்கைக்குக் கொண்டு வருவார்கள். சிறிய வேறுபாடு என்று சொல்லக்கூடாது. முழங்காலிடுவது வணக்கமாகிவிடும் என்று 1552-இல் இங்கிலாந்தில் நாக்ஸ் போராடியது இதற்காகவே. ஆனால் அந்த அச்சத்துக்குக் காரணமான நம்பிக்கை இன்று இந்தக் கம்பியருகே யாரிடமும் இல்லை. இந்தக் குற்றச்சாட்டைத் தள்ளிவிடலாம். மனைவியும் தள்ளிவிட்டாள்.

இரண்டாவது, ஆயரைத் தேர்ந்துகொள்ளும் உரிமை. 1843-இல் ஸ்காட்லாந்தின் சபை உடைந்தது இதற்காகத்தான். நிலக்கிழார் நியமிக்கும் போதகரை மறுக்கச் சபைக்கு உரிமை உண்டு என்று 400-க்கும் மேற்பட்ட போதகர்கள் சம்பளத்தையும் வீட்டையும் விட்டு வெளியேறினார்கள். சென்னையிலிருந்த ஆண்டர்சனும் அவர்கள் பக்கமே நின்றார். சி.எஸ்.ஐ.யில் ஆயரைத் திருமண்டலம் அனுப்புகிறது, திருமண்டலமே மாற்றுகிறது. 1843-இன் பிள்ளைகள் இதை ஏற்கலாமா? நெடுநாள் யோசித்தேன். ஏற்கலாம் என்றே முடிவு செய்தேன், அதற்குக் காரணம் பெரம்பலூர். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே மக்கள்தொகை குறைந்த மாவட்டம் இது. ஐந்தரை இலட்சத்தைச் சற்றே தாண்டும். மானாவாரிப் பருத்தியும் மக்காச்சோளமும் நம்பி வாழும் ஊர்களில் இருபது முப்பது குடும்பங்கள் உள்ள சபை தன் காணிக்கையில் ஓர் ஆயருக்குச் சம்பளம் தர முடியாது. சம்பளம் தரும் சபையே ஆயரை அழைக்கலாம் என்று வைத்தால், நகரத்துப் பணக்காரச் சபைக்கு நல்ல போதகர் கிடைப்பார். சேரியின் சபைக்கு ஒருவரும் கிடைக்கமாட்டார். சம்பளத்தைப் பொதுவில் வைத்து, ஆயரைச் சிற்றூருக்கும் அனுப்பும் முறை ஆண்டர்சன் அந்தப் பையன்களை வைத்துக்கொண்ட செயலுக்கு நெருக்கமானது. ஓர் உரிமையை இழந்து ஒரு நீதியைப் பெற்றிருக்கிறோம். அந்த நீதி உண்மையில் நடக்கும்வரை இழப்பு தாங்கக்கூடியது.

மூன்றாவது குற்றச்சாட்டுதான் கனமானது. எலும்புக்கூடு இருக்கிறது, உயிர் இருக்கிறதா? பேரவைகளின் தேர்தல்கள் வழக்காகின்றன. 2024-இல் சென்னை உயர்நீதிமன்றம் சினாட்டின் நிர்வாகத்தை ஓய்வுபெற்ற நீதிபதிகளிடம் ஒப்படைக்கும் நிலைவரை வந்தது. மன்றங்களாக ஆளப்படுகிறோம் என்று பெருமைப்படும் ஒரு திருச்சபை, தன் மன்றத்தைத் தானே நடத்த முடியாமல் போவது பிரெஸ்பிட்டேரியன் இதயத்தில் விழும் அடி. செங்கல்பட்டு, காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க நாக்ஸ்கூட வேண்டாம். அவர்கள் பக்கத்து உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். அந்த ஊர் மன்றத்தின் பெயர் சபை. கிறிஸ்தவர்களான நாமும் கூடுகையைச் சபை என்றே அழைக்கிறோம். ஒரே சொல்லை எடுத்துக்கொண்டவர்கள் அந்தச் சொல்லின் ஒழுங்கையும் எடுத்துக்கொள்ள வேண்டும். இந்தக் குற்றச்சாட்டுக்கு என்னிடம் மறுப்பு இல்லை. அது நிலைக்கிறது.

ஆனால் அது எந்தத் தளத்தில் நிலைக்கிறது என்று பார்க்கவேண்டும். மூப்பர் மரபில் மேல்மன்றம் அடித்தளம் கிடையாது. வீட்டுக்கு அருகிலுள்ள சபையே அடித்தளம். மேலே ஒழுங்கு குலைந்தால் கீழிருந்து திருத்துவதே அதன் வரலாறு. ஆகவே கடைசிச் சோதனையை உள்ளூரில் வைத்தோம். ஆறு மாதம் போனோம், பார்த்தோம். சேகரக் குழு ஆண்டுக் கணக்கைச் சபையின் முன் வாசித்தது, ஒரு கூலிக்காரர் எழுந்து ஒரு செலவைக் கேள்வி கேட்டார், பதில் சொன்னார்கள். பிரசங்கம் சில ஞாயிறு மெலிந்திருந்தது. ஞாயிறு பள்ளி நன்றாக நடந்தது. ஐப்பசி மழையில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு இரண்டு வாரம் நாங்கள் போகவில்லை. மூன்றாவது வாரம் குழுவிலுள்ள ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பெரம்பலூரிலிருந்து பேருந்தேறி, குடையோடு வீட்டு வாசலில் வந்து நின்றார். குழந்தையைப் பார்த்தார், ஜெபித்தார். போகும்போது, "வேற ஏதாவது மனத்தாங்கலா? சபையில யாரும் எதுவும் சொன்னாங்களாம்மா?" என்று மனைவியிடம் கேட்டார். திருவிருந்துக்கு முன் ஸ்காட்லாந்து மூப்பர் கேட்ட அதே கேள்வி. அவருக்கு ஸ்காட்லாந்து தெரியாது, கேள்வி தெரிந்திருந்தது.

தீர்ப்பு இது. பெரம்பலூர் வட்டாரத்தில் ஒரு பிரெஸ்பிட்டேரியன் குடும்பத்துக்கு உரிய சபை, அருகிலுள்ள சி.எஸ்.ஐ. சபையே. வேறு இல்லாததால் அப்படிச் சொல்லவில்லை. ஞானஸ்நானத்தையும் திருவிருந்தையும் மன்ற அமைப்பையும் ஏழைச் சபைக்கும் ஆயரை அனுப்பும் நீதியையும் சேர்த்து வைத்திருப்பது இந்த வட்டாரத்தில் அது ஒன்றுதான். ஆனால் இந்த உரிமை நிபந்தனையுள்ளது. கணக்கு வாசிக்கப்படாத ஆண்டு, கேள்வி கேட்டவரை ஒதுக்கும் ஆண்டு, கடைக்கோடிச் சிற்றூருக்கு ஆயர் போகாத ஆண்டு, அது இந்த மரபின் வாரிசு என்ற தகுதியை இழக்கும். மனைவியும் அங்கே விருந்தாளியாக உட்கார்ந்து பிறந்தவீட்டை நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது. கணக்குக் கேட்கும் பழக்கத்தையும் வீட்டில் பிள்ளைக்கு வினாவிடை சொல்லிக்கொடுக்கும் பழக்கத்தையும் சீதனமாகக் கொண்டுவர வேண்டும். நானும் ஒன்று செய்யவேண்டும்: "நம்ம எல்லாரும் சி.எஸ்.ஐ. தானே" என்று சொல்லி அவள் மரபை என் மரபுக்குள் கரைப்பதை நிறுத்தவேண்டும். 1947-இல் சேர்ந்தது கரைந்துபோவதற்காக இல்லை.

போன வாரம் மாமியார் மறுபடி அழைத்தார். இந்த முறை நான் பதில் சொன்னேன். குடையோடு வந்த ஆசிரியையின் பெயரைச் சொன்னேன்.